வலைநூலில் ஒரு தீவு

முதலில் காணாமல் போனவை கைகள்.

மன்னார்த் தீவில் எங்கள் ஊரான கீரியில் கோயில் திருவிழா. பொழுது பட்ட நேரம் மாதாவின் சுரூபம் வீதிக்கு வந்தது. ஊரே மெழுகுதிரி பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தது, நானும் நடந்தேன். சுடர்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தன. அவற்றைப் பிடித்திருந்த கைகள் தெரியவில்லை. முகங்களும் வீதியும்கூடத் தெரியவில்லை. நெருப்பு மட்டும் தானாகவே மிதந்து போய்க்கொண்டிருந்தது. அம்மாடி, என்ன வடிவு! மாதா எனக்கு மட்டும் ஏதோ காட்டுகிறா என்றுகூட நினைத்தேன். அடுத்த நிமிடம் வீதியோரக் கழிவுநீர்க் கானுக்குள் விழுந்து கிடந்தேன்.

"கண் என்ன பிடரியிலயா கிடக்கு?" என்று அம்மா கையைப் பிடித்துத் தூக்கினா. என் சட்டையெல்லாம் சேறு. திரி மட்டும் அணையாமல் என் கையில் எரிந்துகொண்டிருந்தது என்று பிறகு எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள்.

என் பெயர் ஜெசிந்தா. வீட்டில் ஜெசி. அப்பா கடற்றொழில், அம்மா வலை தைப்பா, கருவாடு போடுவா. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் புவியியல் இரண்டாம் வருடம். இதை எழுதுவது என்னைப்போல ஓரத்தில் இருந்து இருட்டத் தொடங்கிய கண்களோடு இருப்பவர்களுக்கும், அவர்களை வீட்டில் வைத்துக்கொண்டு தவிப்பவர்களுக்கும். யாராவது உங்களுக்கு இதை வாசித்துக் காட்டலாம், ஒரு மெசினும் வாசிக்கலாம். இரண்டும் வாசிப்புத்தான். அதை நம்ப எனக்கே கொஞ்சக் காலம் எடுத்தது.

கானுக்குள் விழுந்த பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று ஊர் உடனே கண்டுபிடித்துவிட்டது. மாலைக்கண் (பொழுது பட்டதும் பார்வை மங்கும் குறை). கடற்கரை ஊரில் மாலைக்கண்ணுக்கு மருந்து தேடிப் போகத் தேவையில்லை, அது வலையிலேயே வரும். திருக்கை ஈரல்!

அம்மா தொடங்கினா. அவித்த ஈரல், பொரித்த ஈரல், ஈரல் வறை. அப்பா திருக்கை பட்ட நாளெல்லாம் ஈரலை விற்க விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் கம்பஸுக்குத் திரும்பியபோது ஈரலில் காய்ச்சிய எண்ணெய் ஒரு போத்தலும் பையில் ஏறியது. அதன் மணம் விடுதி அறையில் எனக்கு முன்னால் போய் இருந்துகொள்ளும். என் அறைத் தோழி கண்ணகி மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னகா, இந்த அறையில நாங்க மூணு பேரா இரிக்கிறம்?" என்று கேட்பாள்.

மூன்றாவது ஆளுக்கு நான் விசுவாசமாக இருந்தேன். காலையிலும் மாலையிலும் குடித்தேன். கண் தெளியவில்லை. தலையிடி வந்தது. சத்தி (வாந்தி) வந்தது. உதடு வெடித்தது, உள்ளங்கைத் தோல் உரிந்தது, சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. இதை அம்மாவிடம் சொன்னபோது ஈரல் போதாது என்று இன்னும் ஒரு போத்தல் அனுப்பினா. சோதனைக்குப் போக முடியவில்லை. புத்தகத்தில் ஒரு சொல்லைப் பிடித்தால் அடுத்த சொல் ஓடிவிடும். வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடுவதற்குள் தலை இரண்டாகப் பிளக்கும்.

அப்படித்தான் பெரிய ஆஸ்பத்திரியின் கண் பகுதி நடைவழியில், அம்மாவுக்குப் பக்கத்தில், கதிரையில் போய் இருந்தேன். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். யன்னல் வெளிச்சம் பால் மாதிரிப் பொங்கிக்கொண்டிருந்தது. அம்மா செபமாலை உருட்டினா.

கண் மருத்துவர் ஒரு பெண். அதட்டாத குரல். ஒரு கருவியில் என் நாடியை ஊன்றி முகத்தை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். "கிட்ட வந்து பாருங்கோ பிள்ளை. இது உங்கட விழித்திரை (கண்ணின் பின்சுவரில் ஒளியை வாங்கும் மெல்லிய படலம்)."

மருந்து விட்ட கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனாலும் நான் இன்னும் கிட்டப் போனேன். செம்மஞ்சளாய் ஒரு முழுநிலவு. அதற்குள் ஒரு புள்ளியில் இருந்து சிவப்பு ஆறுகள் கிளைகிளையாகப் பிரிந்து போயின. ஓரமெல்லாம் கறுப்புப் பொட்டுகள். இருபது வருடம் இந்தப் படலத்தால்தானா நான் கடலைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன், வண்ண மீனைப் பார்த்தேன்? இவ்வளவு மெல்லியதாலா? கெட்ட செய்தி வரப்போகிறது என்று தெரிந்தும் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

"ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா," என்றார் மருத்துவர் (விழித்திரையின் ஓர உயிரணுக்கள் முதலில் நலிந்து, பார்வை வெளியிலிருந்து உள்ளே சுருங்கும் பரம்பரை நோய்). மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் உயிரணுக்கள் முதலில் போகும், அதனால்தான் இருட்டில் கைகள் தெரியாமல் போயின. நடுப்பார்வையும் எனக்கு வழமையைவிடக் கொஞ்சம் முந்தியே மங்கத் தொடங்கிவிட்டது. இப்போதைக்கு இதைத் திருப்பும் மருந்து இல்லை. எவ்வளவு காலம் எஞ்சும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அம்மா எழும்பி நின்றா. "நான் ஒரு குறையும் வைக்கேல்ல டொக்டர். நாள் தவறாமல் திருக்கை ஈரல் குடுத்தனான். கம்பஸுக்கும் எண்ணெய் காய்ச்சிக் குடுத்து விட்டனான்."

மருத்துவர் பேனையைக் கீழே வைத்தார். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார். "எவ்வளவு காலமா?"

"போன திருநாளுக்குப் பிறகு தொடங்கினது."

"அம்மா, இருங்கோ. ஈரலில இருக்கிற உயிர்ச்சத்து ஏ உடம்பில தங்கிற சாமான். கூடிப்போனால் நஞ்சு மாதிரி வேலை செய்யும். இந்தத் தலையிடி, சத்தி, தோல் உரியிறது எல்லாம் அதாலதான். கடற்கரைப் பிள்ளைக்கு அந்தச் சத்தில குறைவே இருந்திருக்காது."

"ஐயோ மாதாவே! அப்ப நான் என்ர பிள்ளைக்கு நஞ்சா குடுத்தனான்?"

"கண்ணுக்கு வந்ததுக்கும் ஈரலுக்கும் சம்பந்தமில்லை. அது பிறக்கேக்கையே பிள்ளையோட வந்தது. ஈரலை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ, மற்றதெல்லாம் மாறும். கண் மாறாது. அதோட வாழப் பழகோணும்."

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டிலும் ஒரு திருக்கை ஈரல் இருக்கும். அதற்கு வேறு பெயர் இருக்கலாம். அன்பில்தான் தருவார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனாலும் அந்தப் போத்தலை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அம்மா என் உரிந்த உள்ளங்கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டு வந்தா. தீவுக்குள் நுழையும் பாலத்தில் கடற்காற்று முகத்தில் அடித்ததும் சொன்னா. "படிச்சது காணும், இனிப் போதும். என்ர கண்ணுக்கு முன்னால இரு."

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் பயம். வாசிக்க முடியாதவள் பட்டம் எப்படி எடுப்பது? பகலெல்லாம் வீட்டிலேயே இருந்தேன். ஈரலை நிறுத்தித் தலையிடி போனது. புதுத் தோல் வந்தது, புது முடி வந்தது. சொன்ன உடனே நஞ்சை இறக்கி வைத்துவிட்டுத் தன்னைத் தானே தைத்துக்கொள்ளும் இந்த உடம்பை என்னவென்று சொல்வது! குளிக்கும்போதெல்லாம் என் உள்ளங்கையைத் தடவித் தடவிப் பார்த்தேன், குழந்தையின் கை மாதிரி இருந்தது. ஆனால் வேறொரு நாளில் ஆனந்தப்பட வேண்டியதற்கு அப்போது எனக்கு அழுகைதான் வந்தது. உடம்பு தேறிவிட்டது, போவதற்குத்தான் இடமில்லை.

கண்ணகி தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் கிழக்குக் கரையில் வாகரைப் பக்கம், கரையோர வேடர் சமூகத்துப் பிள்ளை. தன் ஊரில் இருந்து கம்பஸுக்கு வந்த முதல் ஆள்.

"இஞ்சப் பாரு புள்ள, நூலகத்துக்குக் கீழ ஒரு அறை இரிக்கி. கண், காது, கால் ஏலாத பிள்ளைகளுக்கும் எங்கள மாதிரிப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கும் உதவி செய்யிற இடம். உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே கதவு போட்டிரிக்காங்க."

"நீ இவ்வளவு நாளும் சொல்லேல்லையே?"

"நானே முதல் வருசம் போகல்லகா. அந்தக் கதவைத் தாண்டினா, வில்லு எங்க, தேன் எங்க எண்டு கேப்பானுகள். நான் கடற்கரைப் பொட்டை, வில்லைக் கண்ணால கண்டதில்ல. மறுகா இங்கிலிசு பெயிலாப் போகப் பாத்திச்சு. வெக்கத்தை விட்டுட்டுப் போனன். தேத்தண்ணி தந்து படிப்பிச்சாங்க. நீயும் வா."

விடுதியில் இருக்கும் சாமான்களை எடுத்து வர வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அது உண்மையும்தான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தா. கண்ணகி எங்களை நேரே நூலகத்துக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த அறையைப் பார்த்தால் நம்பிக்கை வராது. முந்தி களஞ்சியமாக இருந்த இடம், இரண்டு மூன்று கணினி, ஒரு பழைய அலுமாரி. ஒருங்கிணைப்பாளர் ஜெயந்தி மிஸ் எங்களைக் கண்டதும் பரிதாபப்படவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. என் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கருவியின் கீழ் வைத்தார், ஒரு விசையைத் தட்டினார்.

கணினி வாசிக்கத் தொடங்கியது. திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தை உரத்து வாசிக்கும் மென்பொருள்) என்று மிஸ் சொன்னார். தடிமன் பிடித்து மூக்கடைத்த ஆளின் குரல்தான். ஆனால் தமிழ்! நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து திட்டுத் திட்டாகப் படிய வைப்பதைப் பற்றிய அதே பக்கம். நான் எத்தனையோ தடவை தலையிடியோடு திறந்து திறந்து மூடிய பக்கம். ஒரு வரியும் ஓடிப்போகாமல் ஒழுங்காக என் காதுக்குள் வந்து இருந்தது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

"ஆரடி உள்ளுக்க இருந்து வாசிக்கிறது?" அம்மா என் காதுக்குள் கேட்டா.

"மெசின் அம்மா."

"மூச்சு விடாமல் வாசிக்குதே! செபமாலைக்கு இவரைப் பிடிச்சால் கெதியா முடிச்சுப்போட்டு மீன் காயப் போடப் போகலாம்."

மிஸ் சிரித்தார். பக்கத்துக் கணினியில் பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு மாணவன் இருந்தான். அவன் தன் மெசினின் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தான், தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம். ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை. அவனோ நடுநடுவே சிரித்தான். ஏதோ பகிடிக் கதை வாசிக்கிறானாம். மனிதக் காதால் இதுவும் முடியுமா? நான் திகைத்து நின்றேன். அன்றைக்குத்தான் என் ஆசை திரும்பி வந்தது. பட்டம் எடுக்க வேண்டும்.

சோதனைக்கு உதவி எழுதுநர் (நான் சொல்லச் சொல்ல விடையை எழுதித் தருபவர்) உண்டு, கூடுதல் நேரம் உண்டு என்றார் மிஸ். எழுதுபவர் வேறு பாடம் படிப்பவராக இருக்க வேண்டும். விவசாயம் படிக்கும் கண்ணகி உடனே கையை உயர்த்தினாள்.

"கேக்கிறது சரி மிஸ்," என்றா அம்மா. "எழுதிறதும் சரி. நடக்கிறது ஆர்? நான் இஞ்ச வந்து கையைப் பிடிச்சுக்கொண்டு திரியேலுமே?"

மிஸ் அலுமாரியில் இருந்து மடித்த வெள்ளைப் பிரம்பு ஒன்றை எடுத்து விரித்தார். வெளியே நடைவழியிலேயே பிடிக்கும் விதமும் தட்டும் விதமும் காட்டித் தந்தார். புறப்படும்போது அம்மாவிடம் ஒன்று கேட்டார். "அம்மா, வலை நூல் கிடைக்குமே? பிள்ளையின்ர பாடத்துக்கு வரைபடம் செய்யோணும். எங்களிட்ட இருக்கிற நூல் விரலுக்குத் தெரியுதில்லை." அம்மா தலையை ஆட்டினா. அடுத்த கிழமை பஸ்ஸில் பல தடிப்பில் நூல்கட்டை அனுப்பியும் விட்டா. பிள்ளையைக் கம்பஸுக்கு விடுகிற விசயத்தில் மட்டும் சம்மதம் வரவில்லை. திருவிழா முடிந்த மறுநாள் புதிய அரையாண்டு தொடங்கும். "திருநாள் வரைக்கும் பாப்பம்" என்பதோடு கதை நின்றது.

ஆகவே திருநாள் வரைக்கும் நான் கீரியின் சந்து ஒழுங்கைகளில் நடந்தேன்.

பிரம்போடு ஊருக்குள் போவதில் அம்மாவுக்கு விருப்பமில்லை. "கண்ட சனமும் கதைக்கும். நாளைக்குக் கலியாணம் பேச வாறவன் என்ன நினைப்பான்?" என்றா. "பிரம்பைப் பாத்து ஓடுறவன் இப்பவே ஓடட்டும் அம்மா. கோயிலடிக்குப் போயிட்டு வாறன்" என்று இறங்கினேன். பத்தடி போவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம்.

"அம்மா, பின்னால வாறது கேக்குது."

"நான் கடைக்குப் போறன். வீதி என்ன உன்ர சீதனமே?"

முதல் கிழமை என் பிரம்பு மெத்தென்று எதிலோ பட்டது. "மன்னிக்கோணும்" என்றேன். பதில் இல்லை. இன்னொரு தரம் தட்டினேன். ஒழுங்கையின் நடுவில் படுத்திருந்த கழுதை எழும்பாமல் பெருமூச்சு விட்டது. மன்னாரில் கழுதைக்கும் எனக்கும் ஒரே பாதை என்று அன்று உறுதியானது. பின்னால் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினா.

பிறகுதான் அந்த அதிசயம். ஒரு நாள் மதிலோரம் நடந்துகொண்டிருந்தேன். திடீரென்று என் இடக்கன்னத்துக்குப் பக்கத்தில் ஏதோ திறந்தது. நின்று கையை நீட்டினேன், மதில் முடிந்திருந்தது. பிரம்பு அதைத் தொடுவதற்கு முன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது! மதில் இருந்தவரைக்கும் என் செருப்புச் சத்தம் அதில் பட்டுத் திரும்பியிருக்கிறது, முடிந்ததும் அகலமாகிவிட்டது. சுவருக்கும் சத்தம் உண்டு. இருபது வருடம் அது பேசியிருக்கிறது, நான்தான் காது கொடுக்கவில்லை. அன்று அந்த மதிலோரம் போவதும் வருவதுமாக மத்தியானம் வரைக்கும் நின்றேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும்.

கடலில் எங்கள் ஆட்கள் கரையின் இரண்டு அடையாளங்களை ஒரே நேரில் வைத்து வள்ளத்தைத் திருப்புவார்கள். கோயில் கோபுரமும் கோபுரத்துக்குப் பின்னால் உயர்ந்த பனையும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் இது வழி என்று அர்த்தம். நான் அதையே சத்தத்தில் செய்தேன். முன்னால் ஐஸ் உடைக்கும் மீன்வாடியின் சத்தம், பின்னால் அலை. இரண்டும் நேரானால் எங்கள் வீட்டு வாசல் படலை. பிழைத்த நாள்களும் உண்டு, பக்கத்து வீட்டுக் குசினி வரைக்கும் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

திருவிழாவுக்குக் கண்ணகி வந்தாள். துவாயால் சுற்றிய பெரிய பலகை ஒன்றைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். "மிஸ் தந்தவ. நாளைக்குத்தான் திறக்கோணும்" என்று எங்கள் அலுமாரிக்கு மேல் வைத்தாள்.

பொழுது பட மாதாவின் சுரூபம் வீதிக்கு வந்தது. இந்தமுறை எனக்குச் சுடர்களும் அரைவாசிதான். ஒரு கையில் திரி, ஒரு கையில் பிரம்பு. பாட்டு தொடங்கியது. முன்னால் போகிறவர்களின் குரல் வீதியின் அகலத்தைச் சொன்னது. அது இடப்பக்கம் வளைந்தபோது நானும் வளைந்தேன். போன வருடம் காணாமல் போன கைகளும் முகங்களும் குரல்களாக என்னைச் சுற்றி வந்துகொண்டிருந்தன. நான் விழுந்த கானைத் தாண்டும்போது பிரம்பால் அதன் விளிம்பை ஒருதரம் தட்டிப் பார்த்தேன். அன்று பின்னால் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. அம்மா எனக்குப் பக்கத்தில், கையைப் பிடிக்காமல், பாடிக்கொண்டு வந்தா.

எனக்கு இப்போது காலம் வேறு மாதிரி ஓடுகிறது. முந்தியெல்லாம் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொரு காலையும் பார்வையை அளப்பேன். இப்போது அளப்பதை மறந்துவிட்ட நாள்கள் வருகின்றன. ஒரு மாம்பழம் எவ்வளவு நேரம் வாசம் விடுகிறது, ஒரு அலை கரைக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதெல்லாம் என் கடிகாரமாகிவிட்டது. என் உடம்பு கண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு பெரிய வீடு என்று நினைக்கிறேன். அறை அறையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சில காலைகளில் எழும்பவே மனம் வராது.

மறுநாள் காலை பை கட்டியாயிற்று. அம்மா இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. குசினியில் சட்டி பானை சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. கண்ணகி பலகையை மேசையில் வைத்துத் துவாயை எடுத்தாள்.

நான் கையை வைத்தேன். தடித்த நூல் ஒன்று நீளமாக ஓடியது. அதன் ஒரு பக்கம் வழுவழுப்பு, கடல். மறுபக்கம் சொரசொரப்பு, தரை. மேற்கு முனையில் மணலை ஒட்டியிருந்தார்கள், திட்டுத் திட்டாக. என் பாடப் புத்தகத்தின் அதே மணல் திட்டுகள்! மன்னார்த் தீவு முழுவதும் என் இரண்டு உள்ளங்கைக்குள் இருந்தது. கண் நல்லாயிருந்த காலத்தில்கூட நான் அதை இப்படி முழுதாகக் கண்டதில்லை. நான் வாய்விட்டு அழுதேன், சிரித்தேன், இரண்டும்தான்.

சத்தம் கேட்டு அம்மா வந்தா. "என்னடி அது?"

"எங்கட தீவு அம்மா. கண்ணை மூடுங்கோ. விரலைத் தாங்கோ."

அம்மாவின் விரல் வலை தைத்துக் காய்த்த விரல். அதைப் பிடித்துக் கரையோரமாகக் கூட்டிக்கொண்டு போனேன். "இது தோட்டவெளி. இது கீரி. இந்த முடிச்சு கோயில். இஞ்சதான் எங்கட வீடு."

"கடல் இவ்வளவு கிட்டவாடி?" என்றா அம்மா. பிறகு என் கையை விட்டுவிட்டுத் தானாகவே தடவிக்கொண்டு போனா. பட்டினம் வந்தது. பாலம் வந்தது. பாலத்தைத் தாண்டிய ஒரு நூலில் விரல் மெல்ல ஏறியது.

"இது எங்க போகுது?"

"கம்பஸுக்குப் போற றோட்டு."

விரல் அதன் மேலேயே போய் ஓரத்தில் நின்றது. "இஞ்ச பலகை முடியுது."

"கம்பஸ் அதுக்கும் அங்கால அம்மா."

அம்மா கண்ணைத் திறக்கவில்லை என்று கண்ணகி பிறகு சொன்னாள். விரல் அந்த விளிம்பிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு நூலை நகத்தால் ஒருதரம் நெம்பிப் பார்த்தா, வலை வாங்கும்போது பார்ப்பது போல.

"இது நான் குடுத்த நூல் எல்லே?"

"ஓம் அம்மா."

"அது அறாது," என்றா அம்மா. "போயிட்டு வா."